விசிறி முதுகுள்ள ஒன்பதாம் எண்

மீஞ்சூரிலிருந்து காலை ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிறவர்களில் வரதன் எப்போதும் மூன்றாவது பெட்டியில், கிழக்குப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். 2006-ஆம் வருடம் அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. சிப்காட்டில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவை உருக்கிக் குருணையாக்கும் ஆலை ஒன்றில், தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மேற்பார்வையாளர். அங்கே சேர்ந்தது 1989 மே 2-ஆம் தேதி. அதற்கு முன் காக்களூர் தொழிற்பேட்டையில், பாட்டில் மூடிக்கு இரும்பு அச்சு கடையும் பட்டறையில் எட்டு வருடம். கும்மிடிப்பூண்டியில் சேர்ந்து 2006 பிப்ரவரி வரை அவர் போட்ட விடுப்பு மொத்தம் ஒன்பது நாள். அந்த ஒன்பதாவது நாளைத்தான் அவரால் மறக்க முடியவில்லை.

கொட்டகையில் நடக்கும் வேலை இது. துறைமுகத்திலிருந்து கண்டெய்னரில் வரும் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவார்கள். ஷாம்பு பாட்டில், நாற்காலிக் கால், வாளி, பொம்மை என்று எல்லாம் கலந்து கிடக்கும். முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வகை பிரிப்பார்கள். தண்ணீரில் மிதப்பது ஒரு வகை, மூழ்குவது ஒரு வகை. மூழ்குவதில், சிமெண்டுத் தரையில் போட்டால் கிண்ணென்று சத்தம் வருவது கெட்டிப் பிளாஸ்டிக். சத்தமே வராமல் பொத்தென்று விழுவது மெத்துப் பிளாஸ்டிக், அதாவது பி.வி.சி. அது தப்பித்தவறி இயந்திரத்துக்குள் போய்விட்டால் உருகும்போது புகைந்து மொத்தச் சரக்கையும் கெடுத்துவிடும். அதனால் பி.வி.சி.யைத் தனியாக ஒதுக்கி, மூட்டை கட்டி, வாங்குகிறவர்களுக்குத் தள்ளிவிடுவார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் விளையாடித் தூக்கிப்போட்ட பழைய டைனோசர் பொம்மைகள் பெரும்பாலும் அந்த ஒதுக்கலில்தான் வரும். 1991 நவம்பர் 6-ஆம் தேதி, மூன்று கொம்பு வைத்த பச்சை நிற டைனோசர் ஒன்று வரதன் கைக்கு வந்தது. நீளம் பதினொன்றரை சென்டிமீட்டர். வயிற்றில் 1974 என்று வருடம் பொறித்திருந்தது. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற கோடு எங்கே என்று அவர் பழக்கதோஷத்தில் தேடினார். கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தோல் மடிப்போடு மடிப்பாக அந்தக் கோட்டை ஒளித்திருந்தான் அதைச் செய்தவன். பாட்டில் மூடியில்கூட அந்தக் கோட்டை மறைக்க முடியாமல் எட்டு வருடம் திட்டு வாங்கிய மனிதர் வரதன். பொம்மையைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. 2006 ஆரம்பத்தில் அவரிடம் இருந்தவை இருநூற்றுப் பதின்மூன்று. பிஸ்கட் டின்களில் துணி விரித்து அடுக்கியிருப்பார். கிடைத்த தேதி, எந்த நாட்டு மூட்டை, நீளம், நிறம், எங்கே குறை என்று ஒவ்வொன்றுக்கும் நீளநோட்டில் ஒரு வரி. கொட்டகைப் பெண்களிடம் சொல்லி வைத்திருந்தார். பல்லி, ஓணான் மாதிரி எது வந்தாலும், மெத்தோ கெட்டியோ, அவர் மேஜையடியில் இருக்கும் நீலக் கூடையில் போட்டுவிட வேண்டும். மாலையில் அவர் பார்த்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கல் மூட்டையில் சேர்த்துவிடுவார். முதலாளிக்குத் தெரியும். தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

"வயசான காலத்துல அவனவன் பேரன் பேத்திக்குப் பொம்ம வாங்கியாறான். நீங்க இன்னாடான்னா உங்களுக்கே வாங்கியாறீங்க" என்பாள் மனைவி செண்பகம். டின்களைத் தூசி தட்டுவது என்னவோ அவள்தான்.

2001-இல் ஒரு மூட்டைக்குள், தண்ணீர் படாமல், ஒரு மடித்த காகிதம் கிடைத்தது. ஒரே கம்பெனி ஒரே வரிசையாக விட்ட பதினான்கு பொம்மைகளின் படம், எண்ணோடு. அதற்குப் பிறகு வரதனுக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். 2004 டிசம்பருக்குள் பதின்மூன்று சேர்ந்துவிட்டன. வராதது ஒன்பதாம் எண் மட்டும். நாலு காலில் தாழ நின்று, முதுகில் விசிறி விரித்தது போல எலும்பு வரிசையும் தோலுமாக நிமிர்ந்திருக்கும் டிமெட்ரோடான். மற்ற பதின்மூன்றும் மெத்துப் பிளாஸ்டிக். விசிறி துவண்டுவிடக் கூடாதென்று இதை மட்டும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்திருந்தார்கள். கெட்டி என்றால் கீழே விழுந்ததும் உடையும். உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அதை உடைத்துத் தீர்த்திருக்க வேண்டும் என்று வரதன் முடிவு கட்டியிருந்தார்.

2006 பிப்ரவரி 23, வியாழக்கிழமை. செண்பகத்தின் அண்ணன் மகளுக்கு ஊத்துக்கோட்டையில் கல்யாணம். வரதன் ஒன்பதாவது விடுப்பைப் போட்டார். அன்றைக்கென்று ஒதுக்கல் மூட்டை ஏற்ற வண்டி வந்தது. மேஜையடியிலிருந்த நீலக் கூடையையும் யாரோ மூட்டையில் கவிழ்த்துவிட்டார்கள்.

வண்டியோடு வந்தவர் அமானுல்லா. பழவேற்காட்டுக்காரர், வயது நாற்பத்தொன்று. வீட்டில் எல்லோரும் கருவாட்டு வியாபாரம். இவர் மட்டும் பிரிந்து வந்து மீஞ்சூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் கடை போட்டிருந்தார். மாதம் ஒருமுறை தன் குட்டியானை வண்டியில் வந்து பி.வி.சி. மூட்டைகளை எடுத்துப்போவார். வாய் நிறையச் சிரிப்பு. எதையும் எழுதி வைத்துக்கொள்ளாத மனிதர். கடையில் ஒரு ரசீதுப் புத்தகம் உண்டு. அதை விசிறிக்கொள்ளத்தான் பயன்படுத்துவார்.

மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. வரதன் காய்கறி வாங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி வந்தார். அமானுல்லாவின் கடை வாசலில், பழைய பேக்கரி ஒன்றிலிருந்து வாங்கிப்போட்டிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் அது நின்றுகொண்டிருந்தது. ஒன்பதாம் எண். விசிறியில் பதினோரு எலும்பு, பதினொன்றும் முழுசாக. பழுப்பு நிறம்கூட எங்கும் உரியவில்லை.

"இன்னா வரதண்ணே, கத்திரிக்காயக் கீழ விட்டுட்ட? வா, உள்ள வந்து குந்து."

"இது ஏது பாய்?"

"உங்க கம்பெனி மூட்டதாண்ணே, போன வாட்டி எடுத்தாந்தது. முதுவுல விசிறி வெச்சிகினு இன்னா கெத்தா கீது பாத்தியா, ஓணான்!"

கேட்டிருக்கலாம். கையை நீட்டி, 'பாய், இதை எனக்குக் கொடுங்க' என்று நான்கு சொல் சொன்னால் போதும். வரதனுக்கு அது வாயில் வரவில்லை. பதினான்கு வருடமாக எதையும் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை, எல்லாம் அவருடைய கூடைக்குத் தானாக வந்து விழுந்தவை. கேட்டால் அதன் அருமை இந்த ஆளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னார்.

"சும்மா உடைசல் பொம்ம பாய். தூக்கிப் போடறது."

"தூக்கிப் போடறதா? போண்ணே! எனக்குப் பிடிச்சிகீது. நானே வெச்சிக்கறேன்."

அத்தோடு போகவில்லை. பொம்மைக்குப் பின்னங்கால் ஒன்று மயிரிழை குட்டை. கண்ணாடியில் சாய்த்து வைத்தால்தான் நிற்கும். அமானுல்லா மூட்டைகளைத் துழாவி, நீளக் கழுத்து வைத்த ரப்பர் போன்ற மெத்து டைனோசர் ஒன்றைத் தேடியெடுத்து அதன்மேல் இதைச் சாய்த்து வைத்தார். "தனியா நின்னா பாவம்ண்ணே, கூட்டாளி வோணும்ல." அப்புறம் கூட்டாளிக்குக் கூட்டாளி. ஒரே மாதத்தில் கண்ணாடிப் பெட்டியில் நாற்பத்தேழு சேர்ந்துவிட்டன. எது எந்த நாட்டு மூட்டை, எப்போது வந்தது, ஒன்றும் கிடையாது. பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார். மறுநாள் வேறொன்று வந்து நிற்கும். கொட்டகையிலிருந்து மூட்டை போவதற்கு முன் இப்போதெல்லாம் வரதன் இரண்டு முறை கிளறிப் பார்த்தார். ஆனாலும் நல்லதாக நாலு அமானுல்லாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆளுக்கு வேறு ஆலைகளிலிருந்தும் மூட்டை வரும்.

ஏப்ரல் 10-ஆம் தேதி செண்பகம் காபி டம்ளரோடு ஒரு செய்தித்தாளையும் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்க கூட்டாளி படம் வந்துகீது பாருங்க."

மாவட்டப் பக்கத்தில் கால் பக்கத்துக்குப் படம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அமானுல்லா. உள்ளங்கையில் ஒன்பதாம் எண். 'மீஞ்சூரின் டைனோசர் பாய்' என்று தலைப்பு. இந்த வட்டாரத்திலேயே இப்படியொரு சேகரிப்பு வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

வரதன் அதை மூன்று முறை படித்தார். பேனாவை எடுத்துத் தவறுகளுக்குக் கீழே கோடு போட்டார். கழுத்து நீண்டதைக் கொம்புள்ளது என்று போட்டிருந்தார்கள். எண்ணிக்கை ஐம்பதுக்கு மேல் என்றிருந்தது. மொத்தம் ஆறு தவறு.

"நாப்பத்தேழு பெருசா, எரநூத்துப் பதிமூணு பெருசா?" என்றார்.

"பெட்டியில பூட்டி வெச்சா எரநூறானா இன்னா, ஆயிரமானா இன்னா? அந்த பாய் வாசல்ல வெச்சிகீறாரு, நாலு பேரு பாக்கறாங்க, எழுதறாங்க. காபி ஆறுது, குடிங்க."

காபி ஆறித்தான் போனது. அந்தப் பொம்மை அவருடைய கொட்டகையில், அவருடைய மேஜையடியில், அவருடைய கூடையில் விழுந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனார். அதற்குள் அது பெயர்கூடத் தெரியாத ஒருவனுக்குப் புகழ் தேடிக் கொடுத்துவிட்டது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் அந்தச் செய்தித்தாளை விரித்தபோது வரதன் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார். மூன்றாவது பெட்டியின் ஜன்னலோரத்தை அவர் விட்டது அன்று ஒரு நாள்தான்.

அடுத்த ஞாயிறிலிருந்து வாரம் தவறாமல் அமானுல்லாவின் கடைக்குப் போனார். போகாமல் இருக்க முடியவில்லை. அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் இழுத்துப் போடுவார் அமானுல்லா. டீ வரும். வரதன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியையே பார்த்திருப்பார்.

பார்த்த முதல் நாளே அவருக்கு ஒன்று தெரிந்துவிட்டது. மெத்துப் பிளாஸ்டிக்கை மெத்தாக்குவது அதற்குள் கலக்கும் ஒருவித எண்ணெய். வெயில் காலத்தில் அது கசியும். பக்கத்தில் கெட்டிப் பிளாஸ்டிக் ஒட்டினாற்போல் இருந்தால் அந்த எண்ணெய் அதற்குள் இறங்கி, அதையும் இளக்கி, இரண்டையும் பசையாக ஒட்டிவிடும். 1998 மே மாதம் கொட்டகையில் இப்படித்தான், ஒயர்க் கட்டின்மேல் கிடந்த கேசட் டப்பாக்கள் நூறு கிலோ பாழாய்ப் போனது. இங்கே தகரக் கூரை, மேற்குப் பார்த்த வாசல், கண்ணாடிப் பெட்டி. மெத்துக் கழுத்தன்மேல் ஒன்பதாம் எண் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. 'பாய், ரெண்டையும் பிரிச்சு வையுங்க' என்று ஒரு வார்த்தை.

சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று தீர்மானம் செய்தார் என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஞாயிறும் டீயைக் குடித்தார், டம்ளரை வைத்தார், எழுந்து வந்தார்.

ஜூன் 11-ஆம் தேதி, இரண்டும் ஒட்டிய இடத்தில் ஈரம் போல ஒரு பளபளப்பு தெரிந்தது. அன்று அமானுல்லாவின் மகள் அஃப்ஸானாவுக்குப் பிறந்தநாள். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். வரதன் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே கழுத்தை வளைத்து அந்தப் பளபளப்பைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சட்டைப்பைக் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினார். ஜூலை 9-ஆம் தேதி விசிறியின் மூன்றாவது எலும்பு இடப்பக்கம் வளைந்திருந்தது. அதையும் எழுதினார். இரண்டு விதமாகவும் வேதனை. அந்த ஆளிடம் அது இருப்பதைத் தாங்க முடியவில்லை. அது அழிவதையும் தாங்க முடியவில்லை. உலகத்தில் அவர் கண்ணால் பார்த்த ஒன்பதாம் எண் அது ஒன்றுதான்.

மறுநாள் கொட்டகையில், இருபது வருடமாகத் தரம் பிரிக்கும் கங்கம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார். ஆரம்பாக்கத்துக்காரி, கையில் எடுத்ததுமே பிளாஸ்டிக்கின் வகை சொல்லக்கூடியவள்.

"கங்கம்மா, மெத்தும் கெட்டியும் நாலு மாசம் ஒட்டிக்கினு இருந்தா, அப்புறம் பிரிச்சா பிழைக்குமா?"

"அது எவ்ளோ இறங்கிச்சோ அதப் பொறுத்து நைனா. யாரோட சாமான்?"

"தெரிஞ்சவங்களது."

"தெரிஞ்சவங்கன்னா போய்ச் சொல்லேன். பாவம் இல்ல?"

"யாரு? அந்த ஆளா?"

"ஆளு கெடக்கறான். அந்தச் சாமான் பாவம் இல்லியா நைனா?"

அந்தப் பேச்சு அவரைக் குத்திவிட்டது. ஜூலை 16-ஆம் தேதி, சொல்லிவிடுவது என்றே கிளம்பிப் போனார். போனால் அவருடைய நாற்காலியில் சென்னையிலிருந்து வந்த யாரோ ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளில் பார்த்துவிட்டு வந்தவராம். அமானுல்லா வரதனைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"வாண்ணே, வா! சார், இவரு எங்கண்ணன் வரதன். இவரும் வூட்ல கொஞ்சம் வெச்சிகீறாரு."

கொஞ்சம்! இருநூற்றுப் பதின்மூன்றைக் கொஞ்சம் என்றான். வந்தவர் வரதனைப் பார்த்து ஒப்புக்குத் தலையை ஆட்டிவிட்டுப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வரதன் வாசலிலேயே திரும்பினார். அன்று டீகூட வேண்டாம் என்று வந்துவிட்டார்.

ஆகஸ்டில் பொன்னேரிச் சாலையில் உள்ள மெட்ரிகுலேஷன் பள்ளியிலிருந்து ஜெனிபர் என்ற அறிவியல் ஆசிரியை அமானுல்லாவைத் தேடி வந்தார். ஒரு மணி நேரம் பள்ளியில் டைனோசர் பொம்மைகளைக் காட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும். அமானுல்லா அதே கையோடு வரதன் வீட்டுக்கு வந்து நின்றார்.

"எனக்கு அதுங்க பேரே வாயில நொழையாதுண்ணே. நீ வந்து பேசு, நான் சாமானத் தூக்கியாறேன். உன்னுதையும் எடுத்துக்கோ."

செண்பகம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "போய்ட்டு வாங்களேன். டின்னுங்களும் வெளிய காத்து வாங்கட்டும்."

வரதன் ஒப்புக்கொண்டார். அன்று ராத்திரியெல்லாம் ஒரே யோசனைதான். அவருடைய பதின்மூன்றை ஒரு மேஜையில் வரிசையாக வைத்து, எட்டுக்கும் பத்துக்கும் நடுவே ஒன்பதாம் எண் இருக்கும் பெட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஒரு மணி நேரமாவது பதினான்கும் ஒன்றாக நிற்கும். பார்க்க ஆட்கள் இருப்பார்கள். பேசப்போவது அவர். பெட்டியைத் திறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. பத்தாவது விடுப்பு. பள்ளியின் கூடத்தில் நூற்றிருபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வரதன் தன் பதின்மூன்றை வெள்ளைத் துணியில் எண் வரிசையில் வைத்தார். எட்டுக்குப் பிறகு ஓர் இடம் விட்டார். கண்ணாடிப் பெட்டியை அந்த இடத்துக்கு நேர் பின்னால் வைக்கச் சொன்னார். பேச ஆரம்பித்ததும் அவருக்கே வியப்பாயிருந்தது, வார்த்தை தடையில்லாமல் வந்தது. எது எந்த வருடம் செய்தது, எப்படி வார்த்தார்கள், அச்சுக் கோட்டை எங்கே ஒளித்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். "இதோ இந்த விசிறி முதுகுக்காரன் உண்மையில டைனோசரே கிடையாது. டைனோசருங்களுக்கு ரொம்ப முந்தின காலத்தது. பொம்ம செஞ்சவங்க வரிசையில சேர்த்துட்டாங்க" என்றபோது ஜெனிபர் டீச்சரே நோட்டில் குறித்துக்கொண்டார். வரதனுக்கு மார்பு நிமிர்ந்தது.

"மிஸ், அத கையில காட்டச் சொல்லுங்க மிஸ்!" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வேணாம், பெட்டியிலயே இருக்கட்டும்" என்றார் வரதன் அவசரமாக.

"பசங்க ஆசப்படுதுங்கண்ணே, தொட்டுப் பாக்கட்டுமே" என்று அமானுல்லா பெட்டியைத் திறந்துவிட்டார்.

ஒன்பதாம் எண்ணைத் தூக்கினார். கழுத்தனும் கூடவே வந்தான். அமானுல்லா சிரித்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுவதுபோல இரண்டையும் பிடித்து இழுத்தார். பலாப்பழப் பால் போல நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. விசிறி மடங்கிக் கழுத்தன் விலாவிலேயே தங்கிவிட்டது. ஒரு கால் பிய்ந்து பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பிள்ளைகள் "ஐயய்யோ" என்று கத்திவிட்டுச் சிரித்தார்கள். அமானுல்லாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இன்னாண்ணே இது? இன்னா ஆச்சு?"

வரதன் விளக்கினார். எண்ணெய், வெயில், ஒட்டுதல் எல்லாம் சொன்னார். அந்தக் கூடத்தில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நூற்றிருபது பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

"இப்படி ஆக எவ்வளவு நாளாகும் சார்?" என்று கேட்டார் ஜெனிபர் டீச்சர்.

"கோடையில மூணு மாசம் போதும். இத மார்ச்சுலயே சேர்த்து வெச்சாச்சு. ஜூன் பதினொண்ணாந் தேதி பசை கண்டுது. ஜூலை ஒன்பதுல மூணாவது எலும்பு இடப்பக்கமா வளைஞ்சுது. அதுக்கப்புறம் அஞ்சாவது, ஆறாவது..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தவறாக ஒரு தேதியையும் சொன்னதில்லை அவர் வாழ்நாளில். இதுவும் சரியான தேதிதான். ஜெனிபர் டீச்சர் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அமானுல்லா மட்டும் கையிலிருந்ததை மெல்ல மேஜையில் வைத்துவிட்டு, லுங்கியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது குட்டியானையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வரதன் மடியில் பிஸ்கட் டின். வண்டி அனுப்பம்பட்டைத் தாண்டியது.

"பதினொண்ணாந் தேதி எம் பொண்ணு பொறந்த நாளு" என்றார் அமானுல்லா, ரோட்டைப் பார்த்தபடி. "நீ வந்த. கேசரி துன்ன."

"ஆமா."

"துன்னுகினே பாத்துகினு இருந்துகீற."

"ஆமா பாய்."

"ஏண்ணே?"

வரதன் டின் மூடியை இறுக்கினார். "அன்னிக்கு நான் லீவு. இல்லாட்டி அது என் கூடையில இருந்திருக்கும். அது என்னுது."

அமானுல்லா வண்டியை ஓரம் கட்டினார். "உன்னுதுன்னு எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும், பல்லி பொறுக்கற ஆளு நீதான்னு. கத்திரிக்காயக் கீழ போட்டுட்டுப் பாத்தியே ஒரு பார்வ. அப்பவே புரிஞ்சிகிச்சி. நீ உடைசல்னு சொன்ன. சரி, கேக்க வெக்கப்படறாரு, தானா ஒரு நாள் கேப்பாருன்னு வாசல்லயே வெச்சேன். வாரா வாரம் சேரு போட்டேன். இன்னிக்குக் கேப்ப, நாளிக்குக் கேப்பன்னு பாத்துகினே இருந்தேன். நீயும் பாத்துகினே இருந்துகீற. வேற மாதிரி."

பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அமானுல்லா கியரைப் போட்டார். மீஞ்சூர் வந்ததும் வரதனை அவர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார். இறங்க வசதியாக டின்னைக் கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி கொடுத்தார். அதுதான் வரதனுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார்.

நடந்ததைக் கேட்டுவிட்டுச் செண்பகம் டின்னை வாங்கி அதன் இடத்தில் வைத்தாள். பிறகு, "அந்த மனுசன் வூட்டு டீயக் குடிச்சிகினேவா பாத்துகினு இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு ஞாயிறு போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு, செப்டம்பர் 3-ஆம் தேதி, போனார். சட்டைப்பையில் கெட்டிப் பிளாஸ்டிக்கை ஒட்டும் கரைசல் ஒரு சின்னக் குப்பியில் இருந்தது. விசிறியைக் கத்தரித்தெடுத்து, எட்டு எலும்பாவது நிமிர்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

கடை வாசலில் வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் நட்டநடுவில் ஒரு பீங்கான் தட்டு. அதில் அந்த இரண்டும், ஒன்றுக்குள் ஒன்று உருகி, நூலும் பிசிறுமாக. அமானுல்லா குரலை உயர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் சண்ட போட்டுகினு உருண்டுதும்மா, அப்படியே ஒட்டிகிச்சி. இப்ப ரெண்டாலயும் போவ முடியல, வர முடியல!"

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். வரதன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். பாழாய்ப் போன பிறகும் அந்தப் பொம்மையைப் பார்க்க ஊர் கூடுகிறது இந்த ஆளிடம். அவருடைய பதின்மூன்றையும் எண் வரிசையில் வைத்து, இடமும் விட்டு, வெள்ளைத் துணியில் காட்டியபோது ஒரு பிள்ளையாவது இப்படி எட்டிப் பார்த்ததா?

அமானுல்லா அவரைக் கண்டுவிட்டார்.

"வாங்க சார்."

அவருடைய நாற்காலி உள்ளே சுவரோரம் சாத்தியிருந்தது. அதை எடுக்கவில்லை.

"பாய், அத நான் சரி பண்ணித் தரேன். மருந்து கொண்டாந்திருக்கேன்."

"வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்."

"அப்போ..." வரதன் கேட்டேவிட்டார். "அத எனக்குக் குடுப்பீங்களா பாய்?"

அமானுல்லாவின் முகத்தில் கோபம் தெரியவில்லை.

"இல்ல சார்" என்றார்.

அதற்குள் குழந்தையோடு நின்ற பெண், "இதுங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டாள். அமானுல்லா வரதனைக் கைகாட்டினார். "இவருக்குத்தான் எல்லாம் தெரியும். இவரக் கேளும்மா." சொல்லிவிட்டு, வண்டியில் வந்திறங்கிய உடைந்த வாளிகளை எடைபோட உள்ளே போய்விட்டார்.

வரதன் பெயர் சொன்னார். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். எது எந்தக் காலம், எது புல் தின்னும், எது மாமிசம் தின்னும் என்று நாற்பது நிமிடம் நின்றபடியே சொன்னார். கேட்டவர்கள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு கேட்டார்கள். நடுநடுவே அவர் உள்ளே பார்த்தார். தராசில் வாளிகளை வைத்துக்கொண்டு, பழைய பாட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமலே வேலை செய்துகொண்டிருந்தது அந்த முதுகு. இவ்வளவு கூட்டத்தையும் அந்தப் பொம்மையையும் யாரிடமோ விட்டுவிட்டு அப்படித் திரும்பிப் போக அந்த மனிதரால் முடிந்தது. முன்பு பொம்மைக்காகப் பட்ட பொறாமையைவிட அதைப் பார்த்துப் பட்ட பொறாமை வரதனுக்குப் பெரிதாக இருந்தது.

"இந்த விசிறி வெச்சது புல்லு துன்னுமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லம்மா, மாமிசம்" என்றார் வரதன்.